சேராதவர்களின் பதிவேட்டையும் கேளுங்கள்: மருத்துவமனை நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில், மனிதர்களை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி கொடுத்துக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். குறிப்பாக, அந்தக் குழுக்களில் மருத்துவர் அல்லாதவராக இடம்பெற்றிருக்கும் உங்களுக்கு: வழக்கறிஞர், சமூகப் பணியாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பொதுமக்கள் சார்பில் வந்தவர். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகள், குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், அவர்களில் குறைந்தது பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும் என்கின்றன. உள்ளே இருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயங்களை வெளியே இருந்து வருபவர் புதிதாகப் பார்ப்பார் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அப்படிப் பழகிப்போன ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளர். எந்த நோயாளி ஆய்வுக்குப் பொருந்துவார் என்று பார்ப்பது, குடும்பத்தாரிடம் பேசுவது, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, தகவல்களைப் பதிவது எல்லாம் என் வேலை. உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். ஓர் ஆய்வின் நிலவர அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பேர் சேர்ந்திருக்கலாம், அவர்களில் யார் யார் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று கேளுங்கள். அதற்கான பதிவேட்டை வரவழைத்துப் படியுங்கள்.

அதற்கு ஸ்கிரீனிங் லாக் என்று பெயர். எல்லா ஆய்வுக்கும் ஒன்று உண்டு. மருத்துவ ஆய்வுகளுக்கான பன்னாட்டு நடைமுறை வழிகாட்டி அதைக் கட்டாயம் பேண வேண்டிய ஆவணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆகவே புதிதாக விதி எதுவும் தேவையில்லை. பொருள் ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. வரிசை எண், தேதி, நேரம், வயது, பாலினம், தகுதி உண்டா, சேர்ந்தாரா, சேராவிட்டால் என்ன காரணம் என்று ஏழெட்டுக் கட்டங்கள். ஆய்வை நடத்தும் நிறுவனத்திலிருந்து கண்காணிப்பாளர் வரும் நாளில் அதை எடுத்துத் தூசு தட்டி வைப்போம். அவர் வரிசை எண் விடுபடாமல் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி அதைத் திறப்பவர் யாரும் இல்லை.

மேலே போகும் தகவலிலும் சேர்ந்தவர் கணக்கே பிரதானம். 2019 விதிகளின்படி சேர்க்கை நிலவரம் மத்திய உரிமம் வழங்கும் அதிகாரிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். 2007இல் தொடங்கி 2009 முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்திலும் இலக்கு எவ்வளவு, இறுதியில் சேர்ந்தவர் எவ்வளவு என்று போட இடம் இருக்கிறது. உங்களுக்கு வரும் அறிக்கையிலும் 'இலக்கு 60, சேர்ந்தவர் 22' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். இந்த 22 பேர் எத்தனை பேரிலிருந்து வந்தார்கள்? முப்பது பேரில் 22 என்றால் அது ஒரு ஆய்வு. முந்நூறு பேரில் 22 என்றால் அது முற்றிலும் வேறொரு ஆய்வு. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் சில பள்ளிகள், தேறமாட்டார் என்று தோன்றும் பிள்ளைகளைத் தேர்வே எழுதவிடாமல் டி.சி. கொடுத்து அனுப்புவது நம் எல்லோருக்கும் தெரியும். பேனரில் உள்ள எண் பொய்யில்லை. ஆனால் அதை வைத்து அந்தப் பள்ளியைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

சரி, எல்லா ஆய்வுக்கும் பொருந்துகிற இந்த விஷயத்தை ஐசியூவை முன்வைத்து ஏன் சொல்கிறேன்? சர்க்கரை நோய்க்கான ஓர் ஆய்வு என்றால், புறநோயாளிப் பிரிவுக்கு வந்தவரிடம் படிவத்தைக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படித்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள் என்று அனுப்பலாம். ஐசியூவில் அதற்கு வழியில்லை. செப்டிக் ஷாக், அதாவது கிருமித்தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்துவிடும் நிலை, அதைப் பற்றிய ஆய்வென்றால், ரத்த அழுத்தம் விழுந்து மருந்து ஏற்றத் தொடங்கிய நேரத்திலிருந்து இத்தனை மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதியிருக்கும். சில ஆய்வுகளில் 24 மணி நேரம், சிலவற்றில் அதைவிடக் குறைவு. நோயாளி வென்டிலேட்டரில், மயக்க மருந்தின் பிடியில் இருப்பார். அவருக்காக முடிவெடுக்க வேண்டியவர் வெளியே வராந்தாவில், பாய் விரித்து, பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செக்யூரிட்டி எப்போது படுக்கை எண்ணைக் கூப்பிடுவார் என்று காத்திருப்பார். அதற்குள் அவர் ஐந்தாறு படிவங்களில் கையெழுத்துப் போட்டிருப்பார்: கழுத்தில் குழாய் போட, வென்டிலேட்டர் வைக்க, ரத்தம் ஏற்ற, டயாலிசிஸுக்கு. ஏழாவதாக நான் போய் நிற்கிறேன், பல பக்கப் படிவத்துடன்.

இந்த நெருக்கடியில் யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பது நோயை மட்டும் பொறுத்ததாக இருப்பதில்லை. லாக்கின் கடைசிக் கட்டத்தைப் படித்தால் அது தெரியும். அந்தக் கட்டத்தில் நாங்கள் எழுதும் சில காரணங்களை மட்டும் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, 'நேரம் கடந்துவிட்டது'. விடியற்காலை இரண்டரை மணிக்கு மாவட்ட மருத்துவமனையிலிருந்து ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அங்கேயே முந்தின நாள் மதியம் தொடங்கியிருக்கிறது. இங்கே டூட்டி டாக்டர் ஒருவர்தான். அவர் அந்த நேரத்தில் செய்ய வேண்டியது உயிரைப் பிடித்து நிறுத்துவது. ஆய்வைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை, நினைக்கவும் கூடாது. நான் காலை எட்டரைக்கு வந்து, இரவு அட்மிஷன்களை சிஸ்டரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்ப்பதற்குள் வாய்ப்பு போயிருக்கும், அல்லது இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் மிச்சம் இருக்கும். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கள் காலை வரை இதே கதை. பொங்கல், தீபாவளி விடுமுறையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் வருபவர்களும் வெளியூரிலிருந்து அனுப்பப்படுபவர்களும் பெரும்பாலும் கூடுதல் மோசமான நிலையில் வருபவர்கள். ஆய்வில் அவர்கள் இல்லாமல் போனால், அதன் முடிவு பகலில் வந்த, பக்கத்து ஊர் நோயாளிகளைப் பற்றியதாக மாறிவிடும்.

இரண்டாவது, 'குடும்பம் மறுத்தது'. இதைப் படிக்கும்போது கொஞ்சம் நின்று யோசியுங்கள். கணவர் உள்ளே இருக்கிறார். மனைவி வாசலிலேயே இருக்கிறார். சட்டப்படி ஒப்புதல் தரத் தகுதியுள்ளவர் அவர்தான். ஆய்வைப் பற்றிச் சொன்னதைக் கவனமாகக் கேட்கிறார், கேள்வியும் கேட்கிறார்: "அந்த மருந்து கொடுக்கலேன்னா வேற வைத்தியம் குறைஞ்சுடுமா?" குறையாது என்று சொல்கிறேன். "சரிம்மா, எங்க கொழுந்தனார் திருப்பூர்லேர்ந்து வந்துக்கிட்டு இருக்கார். அவர் வரட்டும்" என்கிறார். கொழுந்தனார் மறுநாள் மதியம் வருகிறார். நேரம் முடிந்துவிட்டது. லாக்கில் 'மறுப்பு' என்று ஏறுகிறது. அந்த அம்மா மறுக்கவே இல்லை. முடிவெடுக்கும் உரிமை சட்டத்தில் அவரிடமும் வீட்டில் வேறொருவரிடமும் இருந்தது, அவ்வளவுதான். இதை மறுப்பு என்று எழுதினால், மக்களுக்கு ஆராய்ச்சி என்றாலே பயம் என்று நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம். 'முடிவெடுப்பவர் நேரத்தில் வரவில்லை' என்று எழுதினால், திருப்பூரில் இருப்பவரிடம் முதலிலேயே போனில் பேசி, அந்த அம்மாவோடு சேர்த்து விளக்கியிருக்கலாமே என்று யாருக்காவது தோன்றும். கையெழுத்து அவர்தான் போட வேண்டும்; பேச்சில் மற்றவரும் இருக்கலாம்.

மூன்றாவது, 'மொழி'. திருப்பூர், கோவை, திருப்பெரும்புதூர் வட்டாரங்களில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் விபத்திலும் காய்ச்சலிலும் நம் ஐசியூக்களுக்குத்தான் வருகிறார்கள். கூட வருபவர் ஒப்பந்ததாரர் அல்லது ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர். இருவருமே சட்டப்படி ஒப்புதல் தரக்கூடியவர்கள் இல்லை. ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் பேசினாலும், படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருக்கும். அந்தப் படிவத்துக்கு அனுமதி கொடுத்தது நீங்கள்தான் என்பதை மரியாதையோடு நினைவுபடுத்துகிறேன். இந்தியிலோ ஒடியாவிலோ ஒரு மொழிபெயர்ப்பு வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றாததற்குக் காரணம், இப்படி எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்று யாரும் உங்களிடம் காட்டாததுதான்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் மனம் பொறுக்காதது. 'பின்தொடர வாய்ப்பில்லை' என்று எழுதியிருக்கும். பெரும்பாலான ஐசியூ ஆய்வுகள் 28ஆம் நாளோ 90ஆம் நாளோ நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும். பணம் தீர்ந்துபோய், "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுறோம்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு அழைத்துச்செல்வது நம் நாட்டு ஐசியூக்களில் அன்றாடம் நடப்பது. அப்படிப் போய்விட்டால் தகவல் அறுந்துவிடும், ஆய்வு பாதிக்கும் என்று, போய்விடுவார்கள் எனத் தோன்றும் குடும்பங்களை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறோம். தோன்றுவது எதை வைத்து? உடுத்தியிருப்பதை வைத்து, பில்லிங் கவுண்டரில் முன்பணம் கட்டத் தடுமாறியதை வைத்து. எந்த ஆய்வுத் திட்டத்திலும் 'ஏழைகளைச் சேர்க்காதீர்' என்று எழுதியிருக்காது. எழுதியிருந்தால் நீங்கள் அனுமதியே கொடுத்திருக்க மாட்டீர்கள். எழுதாமலே அது நடக்கிறது. அதன் தடயம் இருக்கும் ஒரே இடம் அந்த லாக்.

அப்புறம் 'மற்றவை' என்று ஒரு கட்டம் உண்டு. அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது நிரம்பி வழிகிறதென்றால் அந்த லாக்கை யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைப் பகிரங்கமாக வைத்தவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. கடுமையான நுரையீரல் பாதிப்பில் வென்டிலேட்டரில் இருப்பவர்களைக் குப்புறப் படுக்கவைத்தால் பலன் உண்டா என்று பிரான்சிலும் ஸ்பெயினிலும் 27 ஐசியூக்களில் புரோசேவா என்ற ஆய்வு நடந்தது. 2013இல் முடிவு வந்தது: 28 நாளில் இறந்தவர்கள் 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். கொரோனா காலத்தில் நம் வார்டுகளில் நோயாளிகளைக் குப்புறப் படுக்கச் சொன்னதற்குப் பின்னால் இந்த ஆய்வின் வலு இருக்கிறது. அந்தக் கட்டுரையிலேயே, ஆய்வுக் காலத்தில் அந்த ஐசியூக்களுக்கு அந்த நோயோடு வந்தவர்கள் 3449 பேர், ஆய்வில் சேர்ந்தவர்கள் 474 பேர் என்று போட்டிருக்கிறார்கள். ஏழு பேருக்கு ஒருவர். இதைப் படிக்கும் மருத்துவர், என் முன்னால் இருக்கும் நோயாளி அந்த 474 பேரைப் போன்றவரா, மீதியிருந்தவர்களைப் போன்றவரா என்று கேட்க முடியும். அந்தக் கேள்வியைக் கேட்கவிடுவதுதான் நேர்மையான ஆய்வு.

ஆட்கள் சேராமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் எங்கள் துறையில் ஓர் உதாரணம் இருக்கிறது. செப்டிக் ஷாக்கில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கலாமா என்று ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் கார்ட்டிகஸ் என்ற ஆய்வு 2002இல் தொடங்கியது. இலக்கு 800 பேர். 2005இல் 500 பேர் அளவில் நிறுத்திவிட்டார்கள். சேர்க்கை மந்தம், நிதி முடிந்தது, ஆய்வுக்கென்று தயாரித்து வைத்த மருந்தின் காலாவதித் தேதியும் வந்துவிட்டது. முடிவு 2008இல் வெளியானது, ஆனால் கேள்விக்கு உறுதியான பதில் சொல்லும் அளவுக்கு ஆட்கள் அதில் இல்லை. அதே கேள்வியை 3800 பேரை வைத்துக் கேட்ட அட்ரினல் ஆய்வு வர 2018 ஆனது. ஷாக் சீக்கிரம் சரியாகிறது, ஆனால் 90 நாள் உயிரிழப்பில் வித்தியாசமில்லை என்று அது சொன்னது. இடைப்பட்ட பத்து வருடம், உலகெங்கும் ஐசியூக்களில் ஒவ்வொரு மருத்துவரும் தனக்குத் தோன்றியபடி அந்த மருந்தைக் கொடுத்தார் அல்லது கொடுக்காமல் விட்டார். கார்ட்டிகஸில் சேர்ந்த அந்த 500 பேரும் தங்கள் உடலை ஒரு கேள்விக்காகக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை.

இது அபூர்வமான விபத்தும் இல்லை. பிரிட்டனில் 1994க்கும் 2002க்கும் இடையில் அரசு நிதியில் நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் வைத்த இலக்கை எட்டியவை 31 சதவீதம்தான். பாதிக்கும் மேற்பட்டவை கால நீட்டிப்பு வாங்கியிருந்தன. சேர்க்கை தளர்வதை மூன்றாவது மாதத்தில் கண்டுகொண்டால் சரிசெய்யலாம். மூன்றாவது வருடத்தில் தெரிந்தால் இரங்கல் கூட்டம்தான் நடத்த முடியும். மூன்றாவது மாதத்தில் காட்டித்தரக்கூடியது லாக் மட்டுமே. சேர்ந்தவர் எண்ணிக்கை குறைகிறது என்று மட்டும் தெரிந்தால் நோயாளியே வரவில்லையா, வந்தவர் தகுதி பெறவில்லையா, தகுதி பெற்றவரை நாம் தவறவிட்டோமா, அவர் மறுத்தாரா என்று தெரியாது. நான்கிற்கும் மருந்து வேறு வேறு. நோயாளியே வரவில்லை என்றால் இன்னொரு மருத்துவமனையைச் சேர்க்க வேண்டும். தகுதி விதிகள் இறுக்கமென்றால் ஆய்வுத் திட்டத்தைத் திருத்தி உங்களிடமே கொண்டுவர வேண்டும். தவறவிட்டோம் என்றால் இரவுக்கு ஆள் வேண்டும்.

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சேர்க்கையைக் கண்காணிப்பது என்றாலே பல இடங்களில் அது ஒரு சாட்டையாகிவிடுகிறது. ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கும். வாரா வாரம் எந்த மருத்துவமனை எத்தனை பேரைச் சேர்த்தது என்று பட்டியல் வரும், முதலிடத்துக்குக் கைதட்டல் வரும். ஆய்வை நடத்தும் நிறுவனம் சேர்ந்த நோயாளிக்கு இவ்வளவு என்றுதான் மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. பார்த்துவிட்டு, பேசிவிட்டு, சேராமல் போனவர்களுக்காகச் செலவான நேரத்துக்குப் பெரும்பாலும் எதுவும் கிடையாது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் ஒருங்கிணைப்பாளரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்பதே கேள்வியாகும். அந்த நிலையில் இருக்கும் ஒருவர், மகனைப் பற்றிய பயத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு தாயிடம் போய் எப்படிப் பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான், நீங்கள் லாக்கைப் படிக்கும்போது மறுப்பு அதிகமாக இருக்கும் இடத்தைவிட, மறுப்பே இல்லாத இடத்தில் கூடுதலாகக் கவனம் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வென்டிலேட்டரில் இருப்பவரின் குடும்பத்தாரிடம் போய்ப் பேசினால் சிலர் வேண்டாம் என்பார்கள். சிலர் கோபப்படுவார்கள், "எங்க ஆளை வெச்சா சோதனை பண்றீங்க?" என்பார்கள். அது அவர்கள் உரிமை. தகுதியுள்ள எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஒருவர்கூட மறுக்கவில்லை என்று ஒரு லாக் சொன்னால், ஒப்புதல் எப்படி வாங்கப்பட்டது என்று நேரில் வந்து பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா? படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சியாக நின்றவர் உண்மையிலேயே வெளியாளா, அல்லது பக்கத்தில் இருந்த வார்டு ஊழியரா? நோயாளி கண் விழித்த பிறகு அவரிடம் மறுபடி கேட்டார்களா? கண் விழித்து, "எனக்கு இதில் இஷ்டமில்லை" என்று விலகியவர் ஒருவர்கூட இல்லையா?

எண்ணிக்கையை வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்குக் கொரோனா காலம் சாட்சி. பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020 மார்ச் 19இல் முதல் நோயாளியைச் சேர்த்தது. ஜூன் 16இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கிறது என்று அறிவித்துவிட்டது. அதில் 2104 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை பெற்ற 4321 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தகுதி விதிகளை எளிதாக வைத்து, படிவத்தைச் சுருக்கி, சாதாரண வார்டு மருத்துவரே சேர்க்கும்படி செய்ததால் அது முடிந்தது. அந்த மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதல் பலன் உண்டா என்று பார்த்த வேறோர் ஆய்வில் டென்மார்க், சுவீடன், சுவிட்சர்லாந்தோடு இந்தியாவும் இருந்தது; 26 மருத்துவமனைகள், 1000 பேர். அதே 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நம் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 பேரைச் சேர்த்து, பிளாஸ்மா சிகிச்சையால் நோய் முற்றுவதோ இறப்போ குறையவில்லை என்று காட்டியது. வீட்டுக்கு வீடு பிளாஸ்மா கேட்டு அலைந்துகொண்டிருந்த நாட்களில் வந்த பதில் அது. நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

லாக்கை எழுத ஆளில்லை, நேரமில்லை என்று மருத்துவமனைகள் சொல்லும். அது நியாயமான குறை. அதற்கும் ஒரு வழி ஓரளவு திறந்திருக்கிறது. 2019இல் தொடங்கிய இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேட்டில், ஐரிஸ் என்பார்கள், சேர்ந்திருக்கும் ஐசியூக்கள் தங்களிடம் வரும் ஒவ்வொரு நோயாளியையும் கணினியில் பதிகின்றன. அது இலங்கையில் உருவாக்கப்பட்ட ஒரு மின்பதிவேட்டின் மேல் கட்டப்பட்டது, சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்துவது. எல்லா அட்மிஷனும் ஏற்கெனவே ஓரிடத்தில் இருந்தால், ஆய்வுக்குப் பொருந்தியிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று அதிலிருந்தே எடுத்துவிடலாம். கையால் எழுதிய லாக்கில் 40 பேர் இருக்க, பதிவேட்டில் பொருந்தக்கூடியவர்கள் 90 பேர் இருந்தால், லாக்கிலேயே ஏறாமல் போன 50 பேர் யார் என்ற கேள்வி எழும். பதிவேடு இல்லாத மருத்துவமனையில் ஐசியூ அட்மிஷன் புத்தகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும்.

உங்களில் வழக்கறிஞராக இருப்பவர் ஒன்று கேட்பார் என்று தெரியும். ஆய்வில் சேர ஒப்புக்கொள்ளாதவரின் தகவலை நாம் எப்படி வைத்திருக்கலாம், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டதே? சரியான கேள்வி. லாக்கில் பெயர் வேண்டாம், மருத்துவமனை எண் வேண்டாம், ஊர் வேண்டாம். வரிசை எண், வயது, ஆணா பெண்ணா, வந்தது பகலா இரவா, நேரடியாக வந்தாரா அனுப்பப்பட்டாரா, காரணம் என்ன, இவ்வளவு போதும். உங்கள் குழுவுக்கு வருவது அதன் மொத்தக் கணக்கு மட்டும்தான். யார் என்று அடையாளம் காண இதில் எதுவும் இருக்காது. எப்படிப்பட்டவர்கள் விடுபடுகிறார்கள் என்பது முழுதாகத் தெரியும்.

இன்னொரு பதிலும் எனக்குக் கிடைத்திருக்கிறது: நெறிமுறைக் குழுவின் வேலை சேர்ந்தவர்களைப் பாதுகாப்பது, சேராதவர்கள் அதன் பொறுப்பில்லை என்று. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆய்வின் சுமையும் பலனும் மக்களிடையே நியாயமாகப் பகிரப்படுகின்றனவா என்று பார்ப்பது உங்கள் கடமைகளில் ஒன்று. அதைச் சேர்ந்தவர்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பது? தவிர, பதில் சொல்ல முடியாத அளவுக்கு ஆட்கள் குறைந்துபோன ஓர் ஆய்வு, சேர்ந்தவர்களுக்கும் செய்யும் அநியாயம்தான்.

ஆகவே, ஐசியூ ஆய்வு ஒவ்வொன்றுக்கும் நிலவர அறிக்கையோடு ஒரே ஒரு பக்கம் கூடுதலாகக் கேளுங்கள். எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேர் பொருந்தினார்கள், எத்தனை பேரிடம் பேசினார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அதில் இருக்கட்டும். பொருந்தியும் விடுபட்டவர்களில் இரவிலும் விடுமுறையிலும் வந்தவர்கள் எத்தனை என்று தனியாகக் காட்டச் சொல்லுங்கள். பெண்கள் எத்தனை, மொழியால் விடுபட்டவர்கள் எத்தனை என்றும் கேளுங்கள். 'மற்றவை' என்பதற்கு விளக்கம் இல்லாமல் அறிக்கையை ஏற்காதீர்கள். ஆய்வின் வரவு செலவுத் திட்டமும் ஒப்பந்தமும் உங்கள் பார்வைக்கு வரும்போது, ஸ்கிரீனிங் செய்யும் நேரத்துக்குச் சம்பளம் இருக்கிறதா, இரவில் பார்க்க ஆள் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் கேட்டால் எடுபடுவதில்லை. நீங்கள் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கிடைக்கும் எண்களை வைத்து யாரையும் தண்டிக்க வேண்டாம். தண்டனை வரும் என்று தெரிந்தால் அடுத்த மாதமே லாக் அழகாகிவிடும், உண்மை வேறெங்காவது போய்விடும்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கான கோப்புகள் இந்நேரம் தயாராகிக்கொண்டிருக்கும். அதில் ஐசியூ ஆய்வு ஒன்றின் நிலவர அறிக்கை இருந்தால், இப்போதே உறுப்பினர் செயலருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: ஸ்கிரீனிங் லாக்கின் கணக்கையும், பெயர்கள் இல்லாமல், கூட்டத்துக்கு முன்பாக அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தீவிர சிகிச்சை ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர்